தானோட்ட மாதிரிக் கார்ப் பந்தயம்: சிமுலேட்டரில் நன்றாக ஓடும் கார் நிஜத் தரையில் ஏன் சுவரில் மோதுகிறது?

2025 செப்டம்பர் 8 — கேள்வி

எங்கள் கல்லூரி அணி முதன்முறையாக ரோபோரேசர் (முன்பு எஃப்1டென்த்) பந்தயத்துக்குத் தயாராகிறது. 1:10 அளவுக் கார். எல்லா அணிகளிடமும் ஏறத்தாழ ஒரே வன்பொருள் இருப்பதால் வெற்றியை முடிவுசெய்வது அல்காரிதம் மட்டுமே என்பது என் கருத்து. அதனால் மாடல் பிரிடிக்டிவ் கன்ட்ரோல் (அடுத்த சில கணங்களில் கார் எப்படி நகரும் என்று கணித்துச் சிறந்த கட்டளையைத் தேர்ந்தெடுக்கும் முறை) எழுதினோம். சிமுலேட்டரில் அருமையாக ஓடுகிறது. கல்லூரிக் கூடத்தில் விநாடிக்கு 3 மீட்டரைத் தாண்டினால் சுவரில் மோதுகிறது. எந்த அல்காரிதத்துக்கு மாறலாம்?

2025 செப்டம்பர் 8, இரவு — பதில்

அல்காரிதத்தை மாற்ற வேண்டாம். ஐரோப்பாவில் மேற்படிப்பு படித்த காலத்தில் இந்தப் பந்தயத்தில் ஓர் அணியோடு ஓடியிருக்கிறேன். பின்னர் இளைய அணிகளுக்குத் துணையாகவும் போயிருக்கிறேன். நான் கண்டவரை, ஆரம்பச் சுற்றிலேயே வெளியேறிய கார்களில் பெரும்பாலானவற்றின் கன்ட்ரோலரில் பெரிய குறை எதுவும் இருந்ததில்லை. தடத்தில் தான் எங்கே நிற்கிறோம் என்பது காருக்கே தெரியாமல் போனதுதான் அவை வெளியேறியதற்குக் காரணம்.

1992-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழக அறிக்கை ஒன்றில் விளக்கப்பட்ட ப்யூர் பர்ஸ்யூட் முறையை இன்றும் பல அணிகள் பயன்படுத்துகின்றன. பந்தயக் கோட்டில் (தடத்தில் கார் பின்பற்ற வேண்டிய பாதையில்) சற்றுத் தள்ளி ஒரு புள்ளியை எடுத்துக்கொண்டு, அதை ஒரே வட்ட வில்லில் சென்றடைய ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்ப வேண்டும் என்று கணக்கிடுவதோடு அந்த முறை முடிந்துவிடுகிறது. இருப்பிடக் கணிப்பு உறுதியாக இருந்த ஒரு கார், இந்த எளிய முறையை மட்டும் வைத்துக்கொண்டு, கனமான கணக்குகள் போட்ட கார்களை முந்திச் சென்றதை நேரில் பார்த்திருக்கிறேன்.

உங்கள் லைடார் (லேசர் ஒளியால் சுற்றிலும் தூரத்தை அளக்கும் கருவி) எது, மேப்பில் காரின் இடத்தை எதைக்கொண்டு கணிக்கிறீர்கள், கூடத்தின் தரை எப்படிப்பட்டது என்ற விவரங்களைச் சொல்லுங்கள்.

2025 செப்டம்பர் 9

விவரங்களுக்கு நன்றி. ட்ராக்சாஸ் மாதிரிக் காரின் அடித்தளம், வெஸ்க் மோட்டார் கன்ட்ரோலர், ஜெட்சன் சிறுகணினி, ஹொக்குயோ யூஎஸ்டி-10எல்எக்ஸ் லைடார், பார்ட்டிகிள் ஃபில்டர் (காரின் இடம் பற்றிய பல ஊகங்களைத் துகள்களாக வைத்து, லைடார் அளவோடு பொருந்துபவற்றைத் தேர்ந்தெடுக்கும் முறை) என்பது இந்தப் பந்தயத்தில் பலரும் வைத்திருக்கும் அமைப்புதான். ஆகவே வன்பொருளில் நீங்கள் பின்தங்கியிருக்கவில்லை.

முதலில் காலதாமதத்தைப் பாருங்கள். அந்த லைடார் 270 பாகை அகலத்தை, கால் பாகைக்கு ஒரு புள்ளி வீதம், விநாடிக்கு 40 முறை அளக்கிறது. ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் இடையே 25 மில்லிவிநாடி கழிகிறது. விநாடிக்கு 7 மீட்டர் வேகத்தில் ஓடும் கார் அந்த இடைவெளியில் 17.5 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். இதன்மேல் பார்ட்டிகிள் ஃபில்டர் கணக்குப் போட எடுக்கும் நேரம், கன்ட்ரோலரின் நேரம், சர்வோ (ஸ்டியரிங்கைத் திருப்பும் சிறு மோட்டார்) திரும்பி முடிக்கும் நேரம் ஆகிய எல்லாம் சேர்கின்றன. கன்ட்ரோலர் "நான் இங்கே இருக்கிறேன்" என்று நம்பும் இடத்தைக் கார் எப்போதோ கடந்திருக்கும். விநாடிக்கு 2 மீட்டரில் இது பொருட்படுத்தத் தக்கதல்ல. 6 மீட்டரில் வளைவின் உள்சுவரைத் தொடுவதற்கு இதுவே போதும்.

ஒவ்வொரு லைடார் அளவிலும் நேர முத்திரை இருக்கிறது. அந்த அளவிலிருந்து பிறந்த ஸ்டியரிங் கட்டளை வெஸ்க்குக்குப் போகும் கணத்தின் நேரத்தையும் பதிவுசெய்து வேறுபாட்டைப் பாருங்கள். பிறகு, கணிக்கப்பட்ட இடத்தை அந்த வேறுபாட்டு நேரத்துக்கு ஓடோமெட்ரியை (மோட்டாரின் சுழற்சியிலிருந்து கார் ஓடிய தூரத்தைக் கணக்கிடுவதை) கொண்டு முன்னகர்த்தி, அந்த முன்னகர்த்திய இடத்தைக் கன்ட்ரோலருக்குக் கொடுங்கள். சில வரிகளில் முடிகிற வேலை. கிடைக்கும் பலன் பெரியது.

2025 செப்டம்பர் 9, பிற்பகல்

ஒரு துணைக்குறிப்பு. ஜெட்சன் எந்த மின்திறன் நிலையில் இயங்குகிறது என்று பாருங்கள். சிக்கன நிலையில் விட்டுவிட்டால் கணக்கீட்டு நேரம் கூடும். மேசையில் மின்இணைப்போடு அளந்த நேரத்தையும் தடத்தில் பேட்டரியில் அளந்த நேரத்தையும் ஒப்பிடாமல் எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

2025 செப்டம்பர் 11

ஓடோமெட்ரியை நம்பி இடத்தை முன்னகர்த்தச் சொன்னேன். அந்த ஓடோமெட்ரி நம்பத்தக்கதா என்று இன்று ஒருவர் கேட்டிருக்கிறார். மிகச் சரியான கேள்வி.

வெஸ்க் மோட்டாரின் சுழற்சியை எண்ணி, அதை ஒரு குணகத்தால் வகுத்து வேகத்தைச் சொல்கிறது. மாதிரி அமைப்புக் கோப்பில் அந்தக் குணகம் 4614 என்று இருக்கும். பலர் அதைத் தொடுவதே இல்லை. உங்கள் டயரின் விட்டமோ பல்சக்கர விகிதமோ மாறினால் அந்த எண்ணும் மாற வேண்டும். தரையில் அளவுநாடாவை நீட்டி ஒட்டி, காரைத் தொடக்கக் கோட்டில் வைத்து, மெதுவாக 5 மீட்டர் ஓட்டி, ஓடோமெட்ரி சொல்லும் தூரத்தை நாடாவோடு ஒப்பிடுங்கள். வேறுபாட்டுக்கு ஏற்பக் குணகத்தைத் திருத்தி, நாடாவில் இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசத்துக்குள் வரும்வரை செய்யுங்கள். அதே ஓட்டத்தில் ஸ்டியரிங்குக்குச் சுழியம் கொடுத்தால் கார் நாடாவை ஒட்டியே நேராகப் போகிறதா என்றும் தெரிந்துவிடும். ஒருபக்கம் விலகினால் சர்வோவின் நடுநிலை எண்ணைத் திருத்த வேண்டும்.

இவ்வளவு செய்த பிறகும் சக்கரம் வழுக்கும்போது ஓடோமெட்ரி பொய் சொல்லும். இது நீண்ட நேர்பாதையின் முடிவில்தான் அதிகம் வலிக்கும். இருபுறமும் இணையான வழவழப்பான சுவர் மட்டுமே இருக்கும் இடத்தில், கார் சுவர்களுக்கு நடுவே எங்கே இருக்கிறது என்பது லைடாருக்குத் துல்லியமாகத் தெரியும். எவ்வளவு தூரம் முன்னே வந்திருக்கிறது என்பது தெரியாது. அந்தத் திசையில் கணிப்பை ஓடோமெட்ரிதான் சுமக்கிறது. நேர்பாதையின் தொடக்கத்தில் வேகமெடுக்கும்போது சக்கரம் வெறுமனே சுழன்றால், கார் உண்மையில் இருக்கும் இடத்தைவிட முன்னால் இருப்பதாக நினைத்துக்கொண்டு முன்கூட்டியே பிரேக் பிடிக்கும். சறுக்கியபடி பிரேக் பிடித்தால் இதற்கு நேர்மாறாக நடந்து, வளைவு வந்துவிட்டது என்பது காருக்குத் தாமதமாகத் தெரியும். ஆகவே வெஸ்க்கில் முடுக்கத்துக்கு ஓர் உச்ச வரம்பு வையுங்கள். சக்கரம் வழுக்காத கார் லேப் நேரத்தில் நஷ்டப்படுவதில்லை.

2025 செப்டம்பர் 14

"வளைவுகளில் கணிப்பு நன்றாக இருக்கிறது, பிரேக் பிடிக்கும் இடத்தில்தான் துகள்கள் சிதறுகின்றன, ஓடோமெட்ரியைச் சரிசெய்தும் தீரவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். காரைப் பக்கவாட்டிலிருந்து, தரைமட்டத்தில் செல்போனை வைத்து, மெதுவியக்கத்தில் படம்பிடியுங்கள். பிரேக் பிடிக்கும்போது மூக்கு எவ்வளவு கவிழ்கிறது என்று தெரியும்.

லைடார் ஒரே தளத்தில்தான் பார்க்கிறது. அது தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூக்கு 2 பாகை கவிழ்ந்தால் முன்னோக்கிய ஒளிக்கற்றை ஏறத்தாழ 4.3 மீட்டர் தொலைவில் தரையில் விழும். நேர்பாதையின் முடிவில் சுவர் 7 மீட்டர் தள்ளி இருந்தாலும், லைடார் 4.3 மீட்டரில் ஒரு சுவர் இருப்பதாகச் சொல்லும். வேகமெடுக்கும்போது மூக்கு 2 பாகை மேலே எழும்பினால் இதற்கு நேரெதிரான சிக்கல் வருகிறது. பந்தயத்தில் தடத்தின் சுவராக வைக்கப்படும் காற்றுக்குழாய்கள் சுமார் 33 சென்டிமீட்டர் உயரமே இருக்கும். 5 மீட்டருக்குச் சற்று அப்பால் ஒளிக்கற்றை குழாயின் தலைக்கு மேலாகத் தாண்டிப் போய், அங்கே நிற்கும் பார்வையாளர்களின் கால்களையும் நாற்காலிகளையும் அளந்துகொண்டுவரும். மேப்பில் அவை இல்லை. பார்ட்டிகிள் ஃபில்டர் அந்த நேரத்தில் எதை நம்பும்?

இந்தக் கார்கள் பொழுதுபோக்குப் பந்தயத்துக்காகச் செய்யப்பட்டவை. மேடுபள்ளத்தில் துள்ளி ஓடுவதற்காக மென்மையான ஸ்பிரிங் வைத்திருப்பார்கள். நமக்கு அந்த மென்மை வேண்டாம். ஷாக் அப்சார்பரில் ஸ்பிரிங்குக்கு மேல் வளையங்களைச் செருகி இறுக்குங்கள், கெட்டியான ஷாக் எண்ணெய்க்கு மாறுங்கள், பேட்டரியை முடிந்தவரை தாழ்வாக வையுங்கள். லைடார் பொருத்தப்பட்ட தகடு ஆடுகிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். மென்பொருளில், காருக்கு நேர் முன்னால் உள்ள கதிர்களில், மேப்பின்படி இருக்க வேண்டிய தூரத்தைவிட மிகக் குறைவாக வருபவற்றுக்குக் கணக்கில் தரும் முக்கியத்துவத்தைக் குறைக்கலாம். ஆயினும் ஸ்க்ரூடிரைவரால் தீரக்கூடியதை நிரலால் தீர்க்க முயல வேண்டாம்.

2025 செப்டம்பர் 14, இரவு

கறுப்புப் பரப்பை லைடார் அளக்கத் தடுமாறுமா என்று கேட்டவருக்கு: ஆம், கறுப்பு ஒளியை விழுங்கும். அந்த லைடாரின் 10 மீட்டர் எல்லை வெளிர்ப் பரப்புக்கானது. 10 சதவீதமே பிரதிபலிக்கும் பரப்புக்கு 4 மீட்டர்தான். பயிற்சித் தடத்துக்குக் கறுப்புக் குழாய் வாங்காதீர்கள்.

2025 செப்டம்பர் 20

இன்று உராய்வு. சிமுலேட்டருக்கும் தரைக்கும் இடையே உள்ள தூரத்தில் பாதி இதில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

எஃப்1டென்த் ஜிம் சிமுலேட்டரில் உராய்வுக் குணகம் (டயர் தரையை எவ்வளவு பிடிக்கும் என்பதைச் சொல்லும் எண்) இயல்பாக 1.0489 என்று கொடுக்கப்பட்டிருக்கும். தூசி படிந்த, மெருகேற்றிய தரையில் அது உங்களுக்குக் கிடைக்காது. ஒன்றரை மீட்டர் ஆரமுள்ள வளைவை எடுத்துக்கொள்ளுங்கள். குணகம் 1.0489 என்றால் சறுக்காமல் போகக்கூடிய உச்ச வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 3.9 மீட்டர், 0.6 என்றால் ஏறத்தாழ 3 மீட்டர். வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். ஆனால் தேவைப்படும் பக்கவாட்டு விசை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், சிமுலேட்டர் வேகத்தில் அந்த வளைவுக்குள் நுழையும் கார், தரை தரக்கூடியதைப்போல் ஒன்றேமுக்கால் மடங்கு பிடிமானத்தைக் கேட்கிறது. நீங்கள் 3 மீட்டரைத் தாண்டியதும் மோதுவதாகச் சொன்னதை இந்த எண்ணோடு வைத்துப் பாருங்கள்.

குணகத்தை ஊகிக்க வேண்டியதில்லை, அளந்துவிடலாம். ஸ்டியரிங்கை ஒரு நிலையில் பூட்டி, காரை வட்டமாக ஓடவிட்டு, வேகத்தைச் சிறிது சிறிதாக உயர்த்துங்கள். ஓர் எல்லைக்குப் பிறகு வட்டம் விரியத் தொடங்கும். அந்தக் கணத்தின் வேகமும் ஆரமும் உங்களுக்கு அந்தத் தரையின் குணகத்தைத் தந்துவிடும். இதையே பல ஸ்டியரிங் கோணங்களில் செய்து அட்டவணையாக வைத்துக்கொண்டால் ப்யூர் பர்ஸ்யூட்டையும் செம்மைப்படுத்தலாம். வெறும் வடிவக் கணக்கால் கோணத்தைக் கண்டறியாமல், டயரின் நடத்தையை உள்ளடக்கிய அட்டவணையிலிருந்து எடுக்கும் முறையை சுவிட்சர்லாந்தின் ஈடிஎச் சூரிச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்டிருக்கிறார்கள். அவர்கள் அணியின் முழு மென்பொருளும் இலவசமாகக் கிடைக்கிறது. போட்டியாளர்கள் தங்கள் நிரலை இப்படித் திறந்துவைக்கும் வழக்கம் இந்தப் பந்தயத்தின் மிக அழகான பக்கம் என்று நான் மனதார நம்புகிறேன். படித்துப் பயன்படுத்துங்கள், நீங்கள் கண்டறிந்ததையும் பிறகு வெளியிடுங்கள்.

டயரை ஒவ்வோர் ஓட்டத்துக்கு முன்பும் ஈரத்துணியால் துடைத்து உலரவிடுங்கள். துடைத்த டயருக்கும் துடைக்காத டயருக்கும் உள்ள வேறுபாடு லேப் நேரத்தில் தெளிவாகத் தெரியும்.

2025 செப்டம்பர் 21

"அப்படியானால் அல்காரிதம் முக்கியமில்லையா?" என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். முதல் நாள் எழுதியதற்கு ஓர் எல்லை போட வேண்டியிருக்கிறது. நான் சொன்னது தனியாக ஓடும் தகுதிச்சுற்றுக்குப் பொருந்தும். இரண்டு கார்கள் ஒன்றாக ஓடும் நேரடிச் சுற்றில் நிலைமை வேறு; அங்கே சிந்தனை வேகம் தேவை.

முதலில், எதிரணிக் காரைச் சுவரிலிருந்து பிரித்தறிய வேண்டும். மேப்பின்படி தடத்தின் எல்லைக்குள் விழும் லைடார் புள்ளிகள் எல்லாம் காராக இருக்கலாம். உங்கள் இருப்பிடக் கணிப்பு ஒரு சாண் பிசகினால் சுவரே காராகத் தெரியும். ஆகவே இங்கும் அடித்தளம் இருப்பிடம்தான். அதன்பின், எதிரணிக் காரின் இடத்தைத் தடத்தின் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் அளந்து, கால்மன் ஃபில்டர் (பிழை கலந்த அளவுகளிலிருந்து சீரான மதிப்பைக் கணிக்கும் முறை) வழியாக வேகத்தைக் கணித்து, அடுத்த வளைவில் அது எங்கே இருக்கும் என்று ஊகிக்க வேண்டும். முந்துவதற்கு இடமில்லை என்றால் பாதுகாப்பான இடைவெளியில் பின்தொடர வேண்டும். பல அணிகள் முந்தும் நிரலை அழகாக எழுதிவிட்டுப் பின்தொடரும் நிரலை ஒப்புக்கு எழுதுகின்றன. உண்மையில் கார் தன் நேரத்தில் பெரும்பகுதியைப் பின்தொடர்வதில்தான் கழிக்கும். மேலும், பின்னால் வந்து இடித்தவர்மீதே பெரும்பாலும் தவறு சுமத்தப்படும்.

உங்கள் கார் மற்றவரின் லைடாருக்குத் தெரிய வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. பின்புறம் வெறும் கம்பிகளாக இருந்தால் எதிரணிக்கு நீங்கள் இல்லாதது போலத் தோன்றும். ஓர் அட்டைப்பெட்டியாவது லைடார் உயரத்தில் இருக்கட்டும்.

2025 செப்டம்பர் 22

மாடல் பிரிடிக்டிவ் கன்ட்ரோலைத் தூக்கிப்போட வேண்டாம் என்று தனியே குறிப்பிடுகிறேன். உராய்வை அளந்து, தாமதத்தை ஈடுசெய்த பிறகு, பிடிமானத்தின் விளிம்பில் ஓட்டுவதற்கு அது மிக நல்ல கருவி. ஒரே ஒரு காப்பு தேவை: தீர்வு குறித்த நேரத்துக்குள் வராவிட்டால், முந்தைய தீர்வின் அடுத்த படியை அனுப்பும் வழி இருக்க வேண்டும்.

2025 செப்டம்பர் 28

மேப் இல்லாமலே ஓட்டலாமே என்று ஒரு நண்பர் விரிவாக எழுதியிருந்தார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. துருக்கி ஆய்வாளர்கள் இருவர் 2012-இல் வெளியிட்ட ஃபாலோ த கேப் முறையில், காருக்கு மேப்போ இருப்பிடமோ தேவையில்லை. முன்னால் எங்கே பெரிய வெற்றிடம் இருக்கிறதோ அங்கே போகும். அதைப் போன்ற இன்னொரு முறையான டிஸ்பாரிட்டி எக்ஸ்டென்டரில், அடுத்தடுத்த இரு கதிர்களின் தூரம் சட்டென மாறும் இடத்தை ஒரு விளிம்பாகக் கொண்டு, அருகிலுள்ள தூரத்தை அரைக் கார் அகலத்துக்கு நீட்டிவிடுவார்கள். அதனால் மூலையில் உரசாது.

என் அனுபவத்தில் இது முதன்மை முறையாக இல்லாவிட்டாலும் மாற்று முறையாக ஒவ்வொரு காரிலும் இருந்தே ஆக வேண்டும். காற்றுக்குழாய்கள் கனமற்றவை. ஒரு கார் இடித்தால் நகர்ந்துவிடும். தன்னார்வலர்கள் ஓடிவந்து திரும்ப வைப்பார்கள். அதே இடத்தில் அச்சாக அமையாது. காலையில் எடுத்த மேப்பும் மாலையில் இருக்கும் தடமும் ஒரு வளைவில் ஒரு சாண் வேறுபட்டால், பந்தயக் கோட்டைச் சுவருக்கு ஒட்டி வரைந்த கார் அங்கே உரசும். எங்கள் அணியின் சுற்று ஒன்றில் இப்படியே நடந்தது. சுற்றுக்கு நடுவே ஜாய்ஸ்டிக்கின் ஒரு பொத்தானை அழுத்தி மேப் இல்லாத முறைக்கு மாறினோம். வேகம் குறைந்தது, ஆனால் கார் மோதாமல் சுற்றி முடித்தது. எதிரணிக் கார் அதே வளைவில் நின்றுவிட்டது. அந்தப் பொத்தானை ஏற்பாடு செய்த மாணவியை நான் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

பந்தயக் கோட்டைச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பது என்பதையும் இந்த வெளிச்சத்தில் முடிவுசெய்யுங்கள். தகுதிச்சுற்றுக்கு ஒன்று, நேரடிச் சுற்றுக்குச் சற்று விலகிய இன்னொன்று என இரண்டு கோடுகளை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்திருப்பது நல்லது.

2025 அக்டோபர் 4

பந்தய அரங்கைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 2016-இல் தொடங்கிய இந்தப் பந்தயம் பெரும்பாலும் பெரிய மாநாடுகளோடு சேர்ந்து நடக்கிறது. ஐக்ரா ரோபோட்டிக்ஸ் மாநாட்டை ஒட்டி 2022-இல் ஃபிலடெல்ஃபியாவிலும், 2023-இல் லண்டனிலும், 2024-இல் யோகோகாமாவிலும் நடந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் நடமாடும் கூடத்தில் வைஃபையை நம்ப முடியாது. மடிக்கணினியின் திரையில் காரைப் பார்த்துக்கொண்டே ஓட்டப் பழகியவர்கள் அங்கே திணறுவார்கள். எல்லாம் காருக்குள்ளேயே இயங்க வேண்டும். சொந்த ரவுட்டரைக் கொண்டுபோங்கள். பதிவுகளைக் காரிலேயே சேமித்துப் பிறகு பாருங்கள்.

ராஸ் 2 (ரோபோவின் நிரல்களை ஒன்றோடொன்று இணைக்கும் மென்பொருள்) பயன்படுத்துவோர் டொமைன் எண்ணை (எந்த நிரல்கள் தமக்குள் செய்தி பரிமாறலாம் என்பதைப் பிரிக்கும் எண்ணை) மாற்றியே ஆக வேண்டும். ஒரே வலையமைப்பில் பல அணிகள் இயல்பான எண்ணோடு இருந்தால் ஒருவரின் செய்திகள் மற்றவருக்குப் போகும். அடுத்த மேசைக் காரின் லைடார் அளவு உங்கள் திரையில் தோன்றுவதாவது பரவாயில்லை. ஓட்டுக் கட்டளை வந்துவிட்டால் கார் மேசையிலிருந்து பாயும்.

2025 அக்டோபர் 12

விநாடிக்கு 5.5 மீட்டரை எட்டிவிட்டதாக நீங்கள் எழுதியதைப் படித்து மிகவும் மகிழ்ந்தேன். ஷாக்கை இறுக்கியது பெரிய மாற்றம் தந்ததாகச் சொன்னது எனக்கு வியப்பளிக்கவில்லை.

இனி முழுத் தடத்தின் வேகத்தையும் ஒரே எண்ணால் கூட்டிக் குறைக்காதீர்கள். தடத்தைச் சில பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிப் பெருக்கலெண் வையுங்கள். கார் சிரமப்படும் வளைவில் மட்டும் குறைத்து, மற்ற இடங்களில் உயர்த்தலாம். தகுதிச்சுற்றில் நாங்கள் ஓடியபோது மிக வேகமான ஒரு லேப்பும், மோதாமல் தொடர்ந்து ஓடிய லேப்களின் எண்ணிக்கையும் கணக்கில் எடுக்கப்பட்டன. விதி அப்படியே இருந்தால், முதல் வாய்ப்பில் பத்திரமான வேகத்தில் தொடர் லேப்களைச் சேர்த்துவிட்டு, இரண்டாவது வாய்ப்பில் வேகத்துக்குப் போங்கள். வரிசையை மாற்றினால், முதல் வாய்ப்பில் உடைந்த முன்கையை (காரின் முன்சக்கரத்தைத் தாங்கும் பாகத்தை) கழற்றி மாட்டுவதிலேயே இரண்டாவது வாய்ப்புக்கான நேரம் போய்விடும்.

2025 அக்டோபர் 13

விமானப் பயணம் பற்றிய கேள்விக்கு: உபரி லித்தியம் பேட்டரிகளைச் சரக்குப் பெட்டியில் போடக் கூடாது, கைப்பெட்டியில்தான் எடுத்துச்செல்ல வேண்டும். 11.1 வோல்ட், 5000 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி 55.5 வாட்-மணி, பொதுவான வரம்பான 100 வாட்-மணிக்குள் அடங்கும். வாட்-மணி அச்சிடப்பட்ட லேபிள் கிழிந்திருந்தால் பாதுகாப்புச் சோதனையில் வாக்குவாதம் வரும் என்பதால் நல்ல லேபிள் உள்ளவற்றையே எடுத்துச்செல்லுங்கள். முழுமையாகச் சார்ஜ் செய்யாமல் சேமிப்பு நிலையில் வைத்து, இணைப்பு முனைகளை டேப்பால் மூடி, தீத்தடுப்புப் பையில் ஒவ்வொன்றாகப் போடுங்கள். காரில் மாட்டியிருக்கும் பேட்டரியையும் கழற்றி அதே பையில் வைத்துவிடுங்கள். லைடாரையும் கைப்பெட்டியிலேயே கொண்டுபோங்கள். முன்கைகள், சர்வோ கொம்பு, முன்பக்க ஃபோம் பம்பர் ஆகியவற்றின் உபரிகள் சரக்குப் பெட்டியில் போகலாம்.